பேரரசு என்றால் என்ன? மலையகத்திலிருந்து உலக வரலாற்றுக்கு ஒரு வழி

1815 மார்ச் 1ஆம் திகதி, எல்பா தீவிலிருந்து தப்பிவந்த நெப்போலியன் பிரான்சின் தென்கரையில் இறங்கினார். மறுநாள், மார்ச் 2ஆம் திகதி, கண்டி அரண்மனை வளாகத்தில் ஆங்கிலேயரும் கண்டிப் பிரதானிகளும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். கண்டி இராச்சியம் அத்தோடு முடிந்தது. இந்த இரண்டையும் நாம் பள்ளிக்கூடத்தில் வேறு வேறு பாடமாகப் படித்திருப்போம். அது ஐரோப்பிய வரலாறு, இது இலங்கை வரலாறு. உண்மையில் இரண்டும் ஒரே கதைதான்.

எப்படி என்று பாருங்கள். 1795இல் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டைப் பிடித்தது. ஒல்லாந்தின் ஆட்சித்தலைவர் இங்கிலாந்துக்கு ஓடிப்போய், கடல் கடந்த தன் நாட்டுக் கோட்டைகளை ஆங்கிலேயருக்குத் திறந்துவிடும்படி அங்கிருந்து கடிதம் எழுதினார். அப்போது இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தர் கையில் இருந்தது. திருகோணமலைத் துறைமுகம் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனால் இந்தியாவில் தங்கள் நிலை ஆட்டம் காணும் என்று ஆங்கிலேயர் பயந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் திருகோணமலையை எடுத்தார்கள், 1796 பெப்ரவரியில் கொழும்பை எடுத்தார்கள். 1802இல் ஆமியன் நகரில் பிரான்சோடு சமாதானம் பேசியபோது, பிடித்த இடங்களில் பலவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் இலங்கையை விடவில்லை. கரையில் கால் ஊன்றியாயிற்று, அடுத்து மலை. 1803இல் கண்டிக்குப் படை அனுப்பிப் படுதோல்வி கண்டார்கள். 1815இல் பிரதானிகளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பாரிசில் ஒரு புரட்சி வெடிக்க, அது இருபது சொச்சம் வருடம் கழித்து மகாவலிக் கரையில் ஓர் அரசனின் சிம்மாசனத்தைப் பறித்தது.

உலக வரலாறு படிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் கேட்கிறார்கள். எகிப்து, பாபிலோன், ரோமாபுரி என்று முதல் அத்தியாயத்திலிருந்து பிடித்தால் மூன்றாவது அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிடுவோம். பெயர்கள் பெருகிக்கொண்டே போகும், அவற்றுக்கும் நமக்கும் ஒட்டுறவு இருக்காது. நாம் நிற்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் போவதுதான் நல்லது என்பது என் அனுபவம். அதற்கு மலையகம் போலத் தோதான இடம் குறைவு. இங்கே கண்ணில் படுகிற ரயில் பாதை, தேயிலைச் செடி, தொழிலாளர் குடியிருக்கும் லயம், தோட்டத்தின் பெயர்ப்பலகை எல்லாமே எங்கோ தூரத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு. அப்படிப் போவதற்கு ஒரேயொரு கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டால் போதும்: பேரரசு.

இராச்சியமும் பேரரசும்

பெரிய இராச்சியம்தான் பேரரசு என்று பலர் நினைக்கிறார்கள். பரப்பளவு மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஒரு மையம் இருக்கும். அந்த மையத்துக்கு வெளியே வேறு மொழி, வேறு சமயம், வேறு வழக்கம் கொண்ட மக்கள் இருப்பார்கள். மையத்தில் முடிவு எடுப்பார்கள், வெளியில் இருப்பவர்கள் அதற்கான விலையைக் கொடுப்பார்கள், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கமாட்டார்கள். இதுதான் பேரரசின் அடிப்படை. முடிவு எங்கே எடுக்கப்பட்டது, விலை எங்கே கொடுக்கப்பட்டது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் எந்த நாட்டு வரலாற்றுக்குள்ளும் நுழையலாம்.

கண்டியையே எடுத்துப் பாருங்கள். 1739 முதல் அங்கே ஆண்டவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சத்தினர். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் அந்த வழிதான். வெளியூர் வம்சம் ஆண்டதால் அதைப் பேரரசு என்று சொல்லலாமா? முடியாது. அவர்கள் கண்டியில் இருந்துகொண்டே கண்டியை ஆண்டார்கள். பௌத்த விகாரைகளைப் பேணினார்கள். கண்டியின் வரி மதுரைக்குப் போகவில்லை. அரசன் எங்கே பிறந்தான் என்பதைவிட, செல்வம் எந்தத் திசையில் போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சோழர்களை இதோடு ஒப்பிடுங்கள். முதலாம் இராசராசனின் படை அனுராதபுரத்தை அழித்த பின் வட இலங்கை மும்முடிச் சோழ மண்டலம் ஆயிற்று. பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஈழத்து ஊர்களின் வருமானம் எழுதிவைக்கப்பட்டது. அந்தக் கோபுரத்தைப் பார்த்து நமக்கெல்லாம் பெருமை, எனக்கும்தான். ஆனால் ஈழத்து ஊர் ஒன்றில் நெல் விதைத்தவனின் விளைச்சலிலும் ஒரு பங்கு கடல் கடந்து அங்கே போயிருக்கிறது. பேரரசு என்ற சொல்லை ஆங்கிலேயருக்கு மட்டும் ஒதுக்கிவைத்தால் நாம் வரலாறு படிக்கவில்லை, வழக்கு நடத்துகிறோம்.

எல்லாப் பேரரசும் நிலத்தைப் பிடிப்பதில்லை என்பதற்கு ஒரு கல் சாட்சி. 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மேல் மூடியாகக் கிடந்தது அது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்புக்குப் போகிற நேரத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள். சீனாவின் மிங் பேரரசு அனுப்பிய கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு, 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை தருகிறது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் இருந்த தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. மூன்று சமயத்தாருக்கும் பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய். தமிழில் எழுதினால் இந்து சமுத்திர வணிகர்களுக்குப் புரியும் என்று சீனப் பேரரசனின் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. சரி, காணிக்கை கொடுத்துவிட்டுச் சும்மா போனார்களா? 1411இல் அதே செங் ஹே இங்கே அதிகாரம் செலுத்திவந்த அழகக்கோனாரை ஒரு சண்டையில் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். குடியேறவில்லை, தோட்டம் போடவில்லை, வரி வாங்க ஆள் வைக்கவில்லை. எங்கள் மேலாதிக்கத்தை ஒத்துக்கொள், போதும் என்பது அந்தப் பேரரசின் முறை. ஆங்கிலேயர் முறை முற்றிலும் வேறு. அதைப் புரிந்துகொள்ள நமக்குக் கோப்பி வேண்டும்.

கோப்பி வந்த வழி

கோப்பிக் காலம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். தேயிலைக்கு முந்திய அந்தக் காலம் ஏன் வந்தது என்று கேட்டால், பதில் கரீபியன் கடலில் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உலகக் கோப்பியில் ஏறத்தாழ பாதி, பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங் என்ற ஒரே குடியேற்றத்தில் விளைந்தது. விளைவித்தவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோன அடிமைகள். 1791 ஆகஸ்டில் அவர்கள் எழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ஆம் திகதி ஹெயிட்டி என்ற சுதந்திர நாட்டை அறிவித்தார்கள். அடிமைகள் எழுச்சி செய்து தாங்களே ஒரு நாட்டை அமைத்த அந்தக் கதையை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம். அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, இழந்த சொத்துக்கு நட்டஈடாக 15 கோடி பிராங்க் கேட்டது. அந்தச் சொத்தில் அந்த மனிதர்களும் அடக்கம். தங்களையே விலைகொடுத்து வாங்கும்படி ஆனது அவர்கள் கதி. தொகை பிற்பாடு 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடன் தலைமுறைகளைத் தாண்டி நின்றது.

இன்னொரு பக்கம் பிரித்தானியப் பாராளுமன்றம் 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் போட்டது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இங்கேயும் 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தார்கள், அடிமைகளின் சொந்தக்காரர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. மேற்கிந்தியத் தோட்டங்களில் கோப்பி விளைச்சல் விழுந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் பிரித்தானியாவில் ஒரே இறக்குமதி வரி என்றாயிற்று. முதல் போட்டவர்களின் கண் கண்டி மலைகள் மேல் விழுந்தது. கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியில் 1824இலேயே ஒரு கோப்பித் தோட்டம் போட்டுப் பார்த்திருந்தார்கள். கொழும்பு-கண்டி வீதியும் வெட்டியாகிவிட்டது.

இனி நிலம் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதைப் பார்த்துக்கொண்டது. காடாக, தரிசாக, பயிர் செய்யாமல் கிடக்கும் நிலம் எல்லாம் பிரித்தானிய முடிக்கு, அதாவது அரசுக்கு, சொந்தம். உன்னுடையது என்றால் அதை நீதான் நிரூபிக்க வேண்டும். காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்துவந்த, மாடு மேய்த்துவந்த கண்டி விவசாயியிடம் உறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்? ஏக்கர் 5 சிலிங்குக்குக் காடுகள் விலைபோயின. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். ஒரு துப்பாக்கிக் குண்டு கூடச் செலவாகாமல் மலைகள் கைமாறின. பேரரசு என்றால் போர்க்களம்தான் நினைவுக்கு வரும். என்னைக் கேட்டால், இந்த ஒரு சட்டத்தை வாசிப்பது பத்துப் போர்களை வாசிப்பதை விட அதிகம் கற்றுக்கொடுக்கும். 1848இல் மாத்தளையில் புரன் அப்பு தலைமையில் சிங்கள விவசாயிகள் எழுந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஐரோப்பாவிலும் நகரம் நகரமாகப் புரட்சி நடந்தது.

நிலம் கிடைத்தது, கை வேண்டும். அடிமையை வாங்க முடியாது. அதற்குக் கண்ட வழிதான் கடன். திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களில் பஞ்சமும் சாதிக் கொடுமையும் நிலமின்மையும் ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முற்பணம் கொடுத்து அழைத்துவந்தான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவன் முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் வரிசைக்கு, நிற்கும்போதே கடன்காரன். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் அவன் கணக்கில். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவோம் என்று எழுதிய சீட்டு அது. கடனைக் கட்டிய தோட்டத்துக்கு ஆள் போவான், கடனும் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

கரீபியனில் அடிமை விடுதலை, ஹெயிட்டியில் கடன், மாத்தளைப் பாதையில் நடந்த நம் பாட்டன் பூட்டிமார். தனித்தனி வரலாறாகப் படித்தால் மூன்றுக்கும் தொடர்பு தெரியாது. ஐரோப்பாவின் காலைச் சாப்பாட்டு மேசையில் மலிவாகக் கோப்பி வேண்டும் என்ற ஒரே தேவை மூன்றுக்கும் நடுவில் ஓடுகிறது.

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் தெரிந்தது. துருநோய். மலைக்கு மலை ஒரே பயிர், நடுவில் மறிக்க வேறு மரம் இல்லை. பூஞ்சணத்துக்கு அதைவிட வசதி வேறென்ன? பதினைந்து வருடத்தில் கோப்பி படுத்துவிட்டது. சிலர் சிங்கோனா நட்டார்கள். அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் கொயினா மலேரியாவுக்கு மருந்து. தென்னமெரிக்க அந்தீஸ் மலை மரம் அது. ஹக்கல பூங்காவே 1861இல் அதை வளர்த்துப் பார்க்கத்தான் தொடங்கப்பட்டது. ஐரோப்பியப் படைகள் ஆபிரிக்காவின் உள்ளே போய்ப் பிழைத்திருக்க முடிந்ததற்கு அந்த மருந்து ஒரு முக்கிய காரணம். அதே ஹக்கல பூங்காவுக்குத்தான் இன்று நம் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பூப் பார்க்கிறார்கள்.

கடைசியில் நின்றது தேயிலை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டது. தேயிலைக்கும் ஒரு போர்க்கதை உண்டு. அதற்கு முன் ஆங்கிலேயர் குடித்தது சீனத் தேயிலை. சீனா வெள்ளி கேட்டது. வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகாமல், வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்த அபினைச் சீனாவுக்குள் கடத்தி விற்று அந்தக் காசில் தேயிலை வாங்கினார்கள். சீன அரசு அபினைப் பறிமுதல் செய்து அழித்தபோது 1839இல் போர் தொடுத்தார்கள். 1842இல் ஹொங்கொங் அவர்கள் கைக்குப் போனது. சீனாவை நம்புவதை விட நாமே பயிரிடுவோம் என்று முதலில் அசாமிலும் பின்னர் இங்கேயும் இறங்கினார்கள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் ஆள் வந்தால் போதும், முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலை அப்படி இல்லை, வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால்தான் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். நாம் இங்கே நிரந்தரமானதற்கு ஒரு செடியின் இயல்பும் காரணம்.

மலைக்கு வந்த போர்கள்

போர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார் வென்றார், எத்தனை பீரங்கி என்ற விவரங்கள் எங்கும் கிடைக்கும். ஒரு போர் நம் மலையை எப்படித் தொட்டது என்று தேடுங்கள், மற்றதெல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

1638இல் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை நிர்மூலமாக்கினான். அதன் பின் அவன் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட கூட்டு, அப்போது போர்த்துக்கலையும் ஆண்ட ஸ்பெயினுக்கு எதிராக ஒல்லாந்தர் நடத்திய எண்பது வருடப் போரின் ஒரு கிளை. 1899இல் தென்னாபிரிக்காவில் ஒல்லாந்து வழிவந்த குடியேறிகளான போயர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. பிடிபட்ட போயர்களை எங்கே வைப்பது? 1900 ஆகஸ்டிலிருந்து தியத்தலாவை முகாமுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் கொண்டுவந்தார்கள். தங்கச் சுரங்கத்துக்காக ஆபிரிக்காவில் நடந்த சண்டையின் கைதிகள் ஊவா மலைக்காற்றில் நாள் கடத்தினார்கள். 1944 ஏப்ரலில் ஜப்பானுக்கு எதிரான தென்கிழக்காசியக் கூட்டுப்படையின் தலைமையகம் கண்டிக்கு வந்தது. பேராதனைப் பூங்காவில் இருந்துகொண்டு மவுண்ட்பேட்டன் பர்மாப் போரை நடத்தினார். பர்மா ஜப்பானிடம் விழுந்தபோது அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. தோட்டத்துச் சாப்பாட்டுத் தட்டில் தெரிந்த உலகப் போர் அது.

பேரரசு போன பிறகு

பேரரசு போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பேரரசு தன் தேவைக்கு மக்களை இடம் மாற்றி வைக்கும். அது போன பின் வரும் புதிய அரசுகள், யார் நம்மவர், யார் வெளியார் என்று கணக்குப் பார்க்கும். முதலாம் உலகப் போரில் துருக்கியின் உதுமானியப் பேரரசு உடைந்தது. 1923இல் லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்தன. துருக்கியில் இருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்தில் இருந்த மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்கு. துருக்கி மொழி தவிர வேறு தெரியாத கிறிஸ்தவனும் கிரேக்க மொழி தவிர வேறு தெரியாத முஸ்லிமும் தாங்கள் பார்த்திராத 'தாயகத்துக்கு' அனுப்பப்பட்டார்கள்.

இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள்: ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நம் உறவுகள் இன்றும் கொழுந்து எடுப்பது அந்தக் கையெழுத்தால்தான். லோசானைப் படித்த பிறகு 1964ஐப் படித்தால், நமக்கு நடந்தது உலகத்தில் தனியாக நமக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரியும். அந்தத் தெளிவு துக்கத்தைக் குறைக்காது. ஆனால் யாரிடம் என்ன கேள்வி கேட்பது என்று சொல்லித்தரும்.

நாவலை எப்படி வாசிப்பது

வரலாற்று நாவல் வரலாறு ஆகாது என்று ஒரு கூட்டம் ஒதுக்கும். நாவலில் வந்ததெல்லாம் நடந்ததே என்று இன்னொரு கூட்டம் அடித்துப் பேசும். தொடங்குபவருக்கு நாவல் ரொம்பவும் தேவை, அதை வாசிக்கும் முறைதான் முக்கியம்.

அக்கரப்பத்தனைப் பக்கம் வேவர்லி என்று ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தப் பெயரை உலகெங்கும் பிரபலமாக்கியது ஸ்கொட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்கொட் 1814இல் எழுதிய நாவல். ஐரோப்பாவில் வரலாற்று நாவல் என்ற வகையே அதிலிருந்து எழுந்தது என்று சொல்வார்கள். 1745இல் ஸ்கொட்லாந்து மலைவாசிகள் லண்டனுக்கு எதிராகக் கிளர்ந்து அடுத்த ஆண்டு நசுக்கப்பட்ட கதை அது. தோற்றபின் அவர்களின் உடையையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பிறகு அதே ஸ்கொட்லாந்திலிருந்து சிப்பாய்களும் துரைமார்களும் பேரரசு முழுக்கப் போனார்கள், இந்த மலைகளுக்கும் வந்தார்கள். நசுக்கப்பட்ட நாட்டிலிருந்தே பேரரசுக்குக் கைகள் கிடைத்தன.

ஸ்கொட் கையாண்ட உத்தி எளிமையானது. நடுவில் ஒரு சாதாரண இளைஞனை வைத்தார். அவன் இரண்டு முகாமுக்கும் போய்வருவான், வாசகன் அவன் கூடவே போய் இரண்டு பக்கத்தையும் பார்ப்பான். நமக்குத் தெரிந்த உதாரணம் வந்தியத்தேவன். கல்வெட்டில் பெயர் உண்டு, குந்தவையின் கணவன் என்ற செய்தியும் உண்டு. அவன் குதிரையில் சுற்றியதெல்லாம் கல்கியின் கற்பனை. அதே பொன்னியின் செல்வனில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பாருங்கள். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலானோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினர்களின் நிலம் பறிமுதலானதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று அதில் இல்லை. அந்த 'ஏன்' இருக்க வேண்டிய இடத்தில் நந்தினி பிறந்தாள். நந்தினி வரலாற்றில் இல்லை. இப்படிப் பதிவு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது நாவலின் ருசியைக் கெடுக்காது, கூட்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: நாவல் யார் தோளில் உட்கார்ந்து பார்க்கிறது? சோழர் படை இலங்கைக்கு வந்ததைத் தமிழ் நாவல் வெற்றியாகப் பாடும். சிங்களத்தில் எழுதுபவருக்கு அது கொள்ளை. 1070இல் சோழரை விரட்டிய முதலாம் விஜயபாகுதான் நாயகன். இரண்டு மொழியும் காதில் விழுகிற மலையகத்தில் இருக்கும் நமக்கு இது ஒரு வசதி. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையிடம் அவர்கள் பாடத்தில் அந்தப் போர் எப்படி வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரே போருக்கு இரண்டு நாயகர்கள் கிடைப்பார்கள்.

நாவல் கட்டாயம் தேவைப்படும் இடமும் ஒன்று உண்டு. ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தார். லூல்கந்துரவிலிருந்து அவர் உடலைத் தொழிலாளர்கள் தோளில் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். மஹியாவை மயானத்தில் அவருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. மன்னார்-மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களுக்குக் கல்லே இல்லை. துரைமார் கடிதம் எழுதினார்கள், நாட்குறிப்பு வைத்தார்கள், அவையெல்லாம் ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நம்மவர்கள் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவேட்டில் ஒரு வரியாக இருந்தார்கள். பாட்டுப் பாடினார்கள், கதை சொன்னார்கள். அந்தப் பாதையில் நடந்த ஒரு பெண்ணுக்கு என்ன பயம் இருந்தது, பிள்ளையை எதில் சுற்றித் தூக்கினாள், இரவில் என்ன பேசினார்கள் என்று எந்தப் பதிவும் சொல்லாது. ஒரு நல்ல எழுத்தாளர் தெம்மாங்குப் பாட்டையும் கர்ணபரம்பரைக் கதையையும் ஆவணத்தையும் சேர்த்துவைத்து அதை எழுத முடியும். மலையக நாவல்களில் இந்த வேலை நடந்திருக்கிறது, இன்னும் நிறைய நடக்க வேண்டும். அடிமை முறை பற்றிய கரீபிய, அமெரிக்க நாவல்களும் இதே இடைவெளியிலிருந்துதான் எழுகின்றன.

அப்படி ஒரு நாவலை வாசிக்கும்போது கொப்பியில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் சரிபார்க்கக் கூடியவை: ஆண்டு, ஊர், சட்டம், விலை, நோய். வலப்பக்கம் எழுத்தாளர் உணர்ந்து எழுதியவை. இடப்பக்கத்தில் பிழை மலிந்திருந்தால் வலப்பக்கத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 1850இல் நடக்கும் கதையில் ரயிலேறிக் கண்டிக்கு வந்தார்கள் என்று இருந்தால், ரயில் வந்தது 1867இல் என்று உங்களுக்கே தெரியும்.

தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலையிலோ நாலு பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. முதலில் ஓர் ஆண்டை மட்டும் எடுங்கள். 1869 நல்ல தொடக்கம். மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு கண்ட அதே வருடம் நவம்பரில் எகிப்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. லண்டனுக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போக வேண்டிய அவசியம் போயிற்று. ஒருவர் துருநோயை எடுக்கட்டும், ஒருவர் கால்வாயை வெட்டிய எகிப்திய விவசாயிகளை எடுக்கட்டும், ஒருவர் கொழும்புத் துறைமுகத்தை, இன்னொருவர் அந்தக் காலத்தில் நடக்கும் ஒரு நாவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடி, ஒவ்வொருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: முடிவு எங்கே எடுக்கப்பட்டது, விலையை யார் கொடுத்தார்?